ஆடுவான்

சற்று நீளமான பதிவு. அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியது. அந்த ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன். மொழியியல் நண்பர்கள் பாதியில் எழுந்து போகாமல் இருந்தால் அவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

முதுகலை படித்த காலத்தில் ஸ்டீவன் பிங்கரை வாசிக்காதவர் எங்கள் வகுப்பில் இல்லை. மொழி மனிதனுக்கு இயல்பூக்கம் என்று வாதிடும் அவருடைய நூலில் தொடங்கி, அவர் எழுதியவை, அவர் பிறரோடு வழக்காடியவை என்று தேடிக்கொண்டு போனபோது, 2009 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதிய மதிப்புரை ஒன்று கையில் கிடைத்தது. மால்கம் கிளாட்வெல்லின் கட்டுரைத் தொகுப்பைப் பற்றியது அது. கணிதத்தில் ‘ஐகென்வேல்யூ’ என வழங்கும் சொல்லைக் கிளாட்வெல் காதில் விழுந்தபடி ‘ஐகன்வேல்யூ’ என்று எழுதிவிட்டதைப் பிடித்துக்கொண்டு, வல்லுநர்களைப் பேட்டி கண்டே ஒரு துறையை அறிந்துகொள்ள முனைவோருக்கு நேரும் கோளாறு இது என்று பிங்கர் எள்ளியிருந்தார். (தமிழில் எழுதும்போது பிழைக்கும் திருத்தத்துக்கும் இடையே ஓர் ஒற்றைக்கொம்புதான் இருக்கிறது. நம் எழுத்து இவ்வகையில் கிளாட்வெல்லிடம் பரிவு கொண்டது.)

என்னை நிறுத்தியது அந்த எள்ளல் அன்று. போகிறபோக்கில் பிங்கர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: குவார்ட்டர்பேக்குகள் தேர்வு செய்யப்படும் வரிசை அவர்களுடைய பிற்கால ஆட்டத்தைக் கணிக்க உதவாது என்று கிளாட்வெல் எழுதுவது உண்மையல்ல. கிளாட்வெல் பதில் எழுதினார். பிங்கர் அதற்கும் மறுமொழி தந்தார். ஒரு மொழியறிவியலாளரும் ஓர் இதழாளரும் இத்தனை சூட்டோடு மல்லுக்கு நிற்கும் பொருள் என்னவென்று பார்க்கப் போய்த்தான் அந்த ஆட்டத்துக்குள் விழுந்தேன். அதன்பின் ஞாயிறு இரவு பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ தொடங்கி விடியும்வரை நீளும் ஒளிபரப்புகள் என் ஆய்வேட்டிலிருந்து எத்தனை இயல்களைத் தின்றன என்பதை என் நெறியாளர் அறியாமலிருப்பதே நல்லது.

ஆட்டம் சுருக்கமாக இது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மேலும் நான்கு கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருகிறது. ஒன்றரை மடங்கு எடையுள்ள மனிதர்கள் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவதற்குள், ஏறத்தாழ இரண்டரை மூன்று விநாடிகளில், ஓடிக்கொண்டிருக்கும் நான்கைந்து தோழர்களுள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். இன்னும் அவன் வந்து சேராத இடத்தை நோக்கி எறிய வேண்டும். மற்ற இடங்களில் ஆடுவோரின் திறத்தை ஓட்டத்தாலும் பலத்தாலும் ஓரளவு அளந்துவிடலாம். குவார்ட்டர்பேக்கின் வேலை பெரும்பாலும் வாசிப்பு.

தொழில்முறை அமைப்பான என்.எஃப்.எல்.இல் 32 அணிகள். முதன்மைக் குவார்ட்டர்பேக் அணிக்கு ஒருவர். ஆக, உலகம் முழுவதிலும் அந்த வேலை 32 பேருக்கு மட்டுமே. அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் களம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள்தாம். ஒவ்வோர் ஏப்ரலிலும் டிராஃப்ட் எனப்படும் தேர்வு நடக்கும். ஐ.பி.எல். ஏலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே விலை கூறுதல் இல்லை. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், அடுத்த மோசமான அணி அடுத்து, இவ்வாறு ஏழு சுற்றுகள். ஆட்டக்காரர் தம் அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. மிகச் சிறந்தவர் என்று கருதப்படுபவர் மிகச் சீர்கெட்ட வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போக வேண்டும் என்பதே விதி. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாட்வெல்லின் கட்டுரை 2008 டிசம்பரில் நியூயார்க்கர் இதழில் வந்தது. அதில் ஒரு மதிப்பீட்டாளர் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் சேஸ் டேனியலின் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். டேனியல் அப்போது நாடறிந்த கல்லூரி ஆட்டக்காரர். அதற்கு முந்தைய ஆண்டு, மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் நான்காவதாக வந்தவர். கட்டுரை எழுப்பிய கேள்வி: இவன் தொழில்முறையில் ஆடுவானா? கிளாட்வெல்லின் விடை: சில வேலைகளில், வேலைக்கு அமர்த்தும் முன் ஆளைப் பற்றித் திரட்டும் எந்தத் தகவலும் பின்னால் நடக்கப்போவதைச் சொல்லாது, குவார்ட்டர்பேக் அத்தகையது, பள்ளி ஆசிரியரும் அத்தகையவரே.

‘ஆடுவானா’ என்று தமிழில் எழுதிய கணத்தில் என் சொந்தத் துறை எதிரே வந்து நின்றது. என் ஆய்வு தமிழில் வழக்கமுணர்த்தும் வாக்கியங்களைப் பற்றியது. எதிர்காலம் காட்டும் இடைநிலைகள் என்று பள்ளியில் படித்த வகரமும் பகரமும் எதிர்காலத்தை மட்டுமா காட்டுகின்றன? ‘அப்பா நாளை ஊருக்குப் போவார்’ என்பது எதிர்காலம். ‘அப்பா காலையில் நடைக்குப் போவார்’ என்பது வழக்கம். ‘அந்தக் காலத்தில் தாத்தா நாள்தோறும் குளத்துக்குப் போவார்’ என்னும்போது, இறந்துபோன தாத்தாவுக்கும் வற்றிப்போன குளத்துக்கும் அதே வகரந்தான். பார்த்ததைச் சொல்வதற்கும் பார்க்காததைக் கணிப்பதற்கும் ஒரே வடிவத்தை நம் மொழி வைத்திருக்கிறது. மதிப்பீட்டாளர்களின் ஆங்கில அறிக்கைகளோ எழுவாயைக் கழற்றிவிட்டு நிகழ்கால வினையில் தொடங்குபவை: நெருக்கடியில் அமைதி காக்கிறான், பார்வையை ஓரிடத்தில் ஊன்றிவிடுகிறான் என்ற போக்கில். அங்கே வழக்கம் ஒரு வடிவம், கணிப்பு வேறொரு வடிவம். ஆனால் அறிக்கையை எழுதுபவரும் வாங்கிப் படிப்பவரும் செய்வதென்னவோ தமிழ் இலக்கணம் செய்வதைத்தான். ‘எறிவான்’ என்ற வழக்கத்தை ‘எறிவான்’ என்ற கணிப்பாக ஓசைப்படாமல் மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்த மாற்றம் எங்கே சறுக்குகிறது? வழக்கத்தைச் சொல்லும் எந்த வாக்கியத்துக்கும் சொல்லப்படாத ஒரு நிபந்தனை உண்டு. ‘அவர் நன்றாகப் பாடுவார்’ என்றால், தொண்டை சரியாயிருந்து, சுருதி சேர்ந்து, கேட்பார் இருந்தால் பாடுவார் என்று பொருள். அந்த நிபந்தனைகளைப் பேசுபவர் தாம் கண்ட சூழலிலிருந்து எடுத்துக்கொள்கிறார். கல்லூரிக் குவார்ட்டர்பேக்கின் சூழல் வேறு, தொழில்முறையின் சூழல் வேறு. எவ்வளவு வேறு என்பதை மொழியை வைத்தே சொல்லலாம்.

தொழில்முறை அணிகள் தம் திட்டங்களைச் சொல்லாக மாற்றும் முறைகளை மூன்று மரபுகளாகப் பொதுவாகப் பிரிப்பார்கள். டான் கோரியெல் என்ற பயிற்சியாளரின் பெயரால் வழங்கும் மரபில், ஓடும் தடங்களுக்குச் சுழியம் முதல் ஒன்பது வரை எண்கள். ‘989’ என்று சொன்னால் முதல் எண் ஓர் ஓரத்தில் நிற்பவருக்கு, நடு எண் உள்ளே நிற்பவருக்கு, கடைசி எண் மறு ஓரத்தில் நிற்பவருக்கு. ஒன்பது என்றால் நேராக ஓடு. எட்டு என்றால் ஓடி உட்புறமாகச் சாய். எண்ணின் இடமே வேற்றுமை உருபு. ஒட்டுநிலை மொழி பேசும் நமக்கு இது உடனே பிடிபடும். பில் வால்ஷின் மரபில் வந்தவர்களோ எல்லாவற்றையும் சொற்களாகக் கோப்பவர்கள். ஜான் குரூடன் என்ற பயிற்சியாளரால் புகழ்பெற்ற ‘ஸ்பைடர் டூ ஒய் பனானா’ என்ற கட்டளையில் ‘ஸ்பைடர் டூ’ எறிபவரைக் காக்கும் அமைப்பின் பெயர், ‘ஒய்’ ஓர் ஆட்டக்காரரின் நிலை, வாழைப்பழம் அவர் ஓட வேண்டிய வளைவு. இது மிகச் சிறிய கட்டளை. அணி நிற்கும் அமைப்பு, இடம் மாறுபவர், மாற்றுத் திட்டம் எல்லாம் சேர்ந்தால் ஒரு கட்டளை பதினைந்து சொற்களைத் தாண்டும். மூன்றாவதான எர்ஹார்ட்–பெர்கின்ஸ் மரபில் முழுத் திட்டத்துக்கும் ஒரே பெயர்; யார் எங்கே ஓடுவது என்பதை அவரவர் நிற்குமிடத்திலிருந்து உய்த்துணர வேண்டும். ஒன்றில் உருபனியல், ஒன்றில் தொடரியல், ஒன்றில் சூழற்பொருளியல்.

பயிற்சியாளர் இதைக் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துள் இருக்கும் ஒலிபெருக்கி வழியே சொல்வார். ஆட்டக் கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சும்போது தொடர்பு தானாக அறுந்துவிடும். அதற்குள் கேட்டதைச் சுற்றி நிற்கும் பத்துப் பேருக்குப் பிழையின்றித் திருப்பிச் சொல்லி, எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, தேவையானால் கட்டளையையே மாற்ற வேண்டும். கல்லூரியிலோ ‘ஸ்பிரெட்’ ஆட்டமுறை பரவிய பிறகு நெடுங்காலம் பல அணிகள் கூடிப் பேசுவதையே விட்டுவிட்டன. ஓரத்தில் நிற்பவர்கள் சைகை காட்டுவார்கள், படம் வரைந்த அட்டையைத் தூக்கிப் பிடிப்பார்கள். எல்லாரும் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். தலைக்கவசத்துள் குரல் கேட்கும் வசதி கல்லூரி ஆட்டத்தின் மேல்தளத்துக்கே 2024இல்தான் வந்தது. ஆக, கல்லூரியில் நான்காண்டு அரசனாக இருந்த ஒருவன் ஒரு முழுக் கட்டளையை வாய்விட்டுச் சொல்லாமலே தொழில்முறைக்கு வந்து சேரக்கூடும். எழுதப் படிக்க நன்கறிந்தும் பேசிப் பழகாத மொழியில் நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்தவர்களுக்கு அந்த நிலை தெரியும்.

கல்லூரி ஆட்டம் தாழ்ந்ததென்று நான் சொல்ல வரவில்லை. அது வேறொரு கிளைமொழி. அங்கே வேகமாகப் பேசுபவனுக்கு இங்கே நாக்குக் குழறுவதும் உண்டு, அங்கே தடுமாறியவனுக்கு இங்கே திறந்துகொள்வதும் உண்டு.

சேஸ் டேனியலுக்கு வருவோம். 2009 டிராஃப்டின் ஏழு சுற்றுகளிலும் அவரை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆறடி உயரம் அந்த வேலைக்குக் குட்டை. ஸ்பிரெட் ஆட்டமுறையில் வளர்ந்தவர். கட்டுரை ஐயப்பட்டது சரியாகிவிட்டது என்று அத்தோடு நூலை மூடிவிடலாம். ஆனால் டேனியல் 14 பருவங்கள் என்.எஃப்.எல்.இல் இருந்தார். நியூ ஆர்லியன்ஸ், கேன்சஸ் சிட்டி, பிலடெல்பியா, மீண்டும் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலஸ். சம்பளமாகப் பெற்றது 4 கோடி டாலருக்கு மேல். இந்த 14 பருவங்களில் முதன்மைக் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கிய ஆட்டங்கள் ஐந்து.

ஐந்து! இந்த எண்ணை முதலில் பார்த்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

அவர் செய்த வேலை மாற்று ஆட்டக்காரர் வேலை. நியூ ஆர்லியன்ஸில் டிரூ பிரீஸுக்குப் பின்னால் நின்றார். பிரீஸும் ஆறடிதான், அவரையும் குட்டை என்று சொல்லித்தான் 2001இல் இரண்டாம் சுற்றுவரை காக்க வைத்தார்கள். பிலடெல்பியாவில், இரண்டாவதாகத் தேர்வான கார்சன் வென்ட்ஸின் முதல் பருவத்தில் உடனிருந்தார். சிகாகோவில், இரண்டாவதாகத் தேர்வான மிட்சல் டிரபிஸ்கிக்குத் துணையாக இருந்தார். டெட்ராய்ட்டில் மேத்யூ ஸ்டாஃபோர்டுக்குப் பின்னால் இருந்தார். அதே 2009 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானவர் ஸ்டாஃபோர்ட். கடைசிவரை தேர்வாகாதவர் டேனியல். பதினோர் ஆண்டுகள் கழித்து இருவரும் ஒரே அறையில் ஒரே ஆட்டப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஐந்தில் ஒன்றை நான் பதிவில் பலமுறை பார்த்திருக்கிறேன். 2018 நவம்பர் 22, நன்றிகூறும் நாள். சிகாகோ அணி ஞாயிறு இரவு ஓர் ஆட்டம் முடித்து, வியாழன் நண்பகலில் டெட்ராய்ட்டில் மறு ஆட்டம் ஆட வேண்டும். டிரபிஸ்கிக்குத் தோளில் காயம். டேனியல் கடைசியாக ஓர் ஆட்டத்தைத் தொடங்கி ஏறக்குறைய நான்காண்டுகள் ஆகியிருந்தன. பயிற்சிக்கு நேரமே இல்லை. 37 எறிந்து 27 சேர்த்தார், 230 கெஜம், இரண்டு டச்டவுன். சிகாகோ 23–16 என்று வென்றது. பெரும் சாகசம் எதுவுமில்லை. பந்து கைக்கு வருமுன்பே எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, போகிறது, அவ்வளவுதான். அடுத்தடுத்த வாரங்களில் டிரபிஸ்கி திரும்பி வந்தார். டேனியல் மீண்டும் கையில் பலகையோடு ஓரத்துக்குப் போனார்.

இப்போது சொல்லுங்கள், 2008இல் கேட்ட கேள்விக்கு விடை என்ன? ஆடினானா, இல்லையா?

பிங்கர்–கிளாட்வெல் வழக்கின் முடிச்சும் இங்கேதான். கிளாட்வெல் சார்ந்திருந்தது பொருளியலாளர் டேவிட் பெர்ரியின் கணக்குகளை. பெர்ரியும் ராப் சிம்மன்ஸும் 2011இல் அதை விரிவான ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். முன்னதாகத் தேர்வானவர்கள் அதிக ஆட்டம் ஆடுகிறார்கள். ஆனால் ஆடிய ஒவ்வொரு முயற்சிக்கும் என்று வகுத்துப் பார்த்தால் முன்னவருக்கும் பின்னவருக்கும் வேறுபாடு மெலிந்துவிடுகிறது. பிங்கர் தரப்பின் மறுப்பு எளியது: பின்னால் தேர்வானவர்களுள் களத்துக்கு வந்து அளக்கப்படுபவர்கள் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள். வெளியே வராதவர்களின் முயற்சிக்குச் சராசரி கிடையாது, ஏனெனில் முயற்சியே கிடையாது. புள்ளியியலாக இந்த மறுப்பு சரியானதென்றே நினைக்கிறேன். ஆனால் அது இருபுறமும் வெட்டும் கத்தி. ஆடாதவர்கள் ஆடியிருந்தால் மோசமாக ஆடியிருப்பார்கள் என்பதற்கும் சான்று இல்லை. தொடரியல் முதல் வகுப்பிலேயே இதைப் படிக்கிறோம்: தரவுத்தொகுப்பில் ஒரு வாக்கியம் வரவில்லை என்பதால் அது இலக்கணப் பிழையாகிவிடாது. யாரும் இதுவரை சொல்லவில்லை, அவ்வளவே. தாய்மொழியாளரிடம் கேட்டுப் பார்த்துவிடும் வசதி நமக்கு இருக்கிறது. குவார்ட்டர்பேக்கைக் களத்தில் இறக்காமல் எவரிடம் கேட்பது?

பின்னாளில் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் டிராஃப்டை ஆராய்ந்தபோது கண்டதும் இதற்கு அருகில்தான்: ஒரே நிலையில் அடுத்தடுத்துத் தேர்வான இருவருள் முன்னவர் பின்னவரை விஞ்சும் வாய்ப்பு, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். அணிகளோ முன்னவருக்காக எதையும் ஈடு கொடுக்கின்றன.

2018 டிராஃப்ட் இதற்கெல்லாம் ஒரு பாடநூல். முதல் சுற்றிலேயே ஐந்து குவார்ட்டர்பேக்குகள்: பேக்கர் மேஃபீல்ட் (1), சாம் டார்னல்ட் (3), ஜாஷ் ஆலன் (7), ஜாஷ் ரோசன் (10), லமார் ஜாக்சன் (32).

ஆலனையும் ஜாக்சனையும் அருகருகே வையுங்கள். ஆலன் வயோமிங் பல்கலைக்கழகத்தில் எறிந்தவற்றுள் 56.2 விழுக்காடு தோழர் கையில் சேர்ந்தது. ஜாக்சன் லூயிவில் பல்கலைக்கழகத்தில் எறிந்தவற்றுள் 57 விழுக்காடு. ஜாக்சன் 2016இல் ஹைஸ்மன் விருதை வென்றவர். ஆலன் பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் அழைக்காமல் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து, பயிற்சியாளர்களுக்குத் தாமே மின்னஞ்சல் அனுப்பி இடம் பிடித்தவர். இருவரின் குறையும் ஏறத்தாழ ஒரே எண். ஆனால் உரிச்சொற்கள் வேறு. ஆலனுக்கு ஆறடி ஐந்தங்குல உயரம், பீரங்கிக் கை; ஆதலால் அவருடைய பிழைகள் இன்னும் செதுக்கப்படாத கல்லின் பிழைகள். ஜாக்சனுக்கு மின்னல் கால்கள். ஆதலால் அவருடைய பிழைகள் வேறு வேலைக்குப் போக வேண்டியவனின் பிழைகள். பல அணிகளைக் கட்டியெழுப்பி மாட்சியரங்கில் இடம்பெற்ற பில் போலியன், ஜாக்சன் பந்தைப் பெற்று ஓடும் நிலைக்கு மாற வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2019இல் ஜாக்சன் 36 டச்டவுன்கள் எறிந்து, 1,206 கெஜம் ஓடி, ஒரு வாக்கும் சிதறாமல் பருவத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். தம் கணிப்பு தவறென்று போலியன் ஒப்புக்கொண்டார்.

போலியனின் மனத்துள் என்ன இருந்தது என்பது என் வாதத்துக்கு வேண்டாதது. அந்தச் சொற்களுக்கு அவரைவிட வயது அதிகம். வாரன் மூன் 1978 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காக ரோஸ் பௌல் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். கறுப்பினத்தவர். குவார்ட்டர்பேக் என்பது சிந்திக்கும் வேலை, கறுப்பர்களுக்குப் பொருந்துவது ஓடும் வேலை என்று கருதிய காலம். நிலையை மாற்றிக்கொள்ள மறுத்தார். அவ்வாண்டு டிராஃப்டில் அவர் பெயர் எங்கும் ஒலிக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மண்டன் அணிக்காக ஐந்து கோப்பைகளைத் தொடர்ந்து வென்ற பிறகே, 1984இல் என்.எஃப்.எல். கதவு திறந்தது. 2006இல் மாட்சியரங்கில் சேர்த்தார்கள். கனடா என்றொரு நாடும் அங்கே ஓர் ஆட்டமும் இல்லாதிருந்தால் மூனும் தரவில் வராத வாக்கியமாகவே போயிருப்பார். அப்படிப் போனவர்களின் பட்டியலை எவரும் தர முடியாது. இது அந்தத் துயரத்தின் இயல்பு.

ஆலன் என்ன ஆனார்? முதல் பருவத்தில் 52.8 விழுக்காடு. ஐயப்பட்டவர்கள் சிரித்தார்கள். இரண்டாவதில் 58.8. மூன்றாவதில் 69.2. பஃபலோ அணி அவசரப்படவில்லை. ஒரே தாக்குதல் பயிற்சியாளர் நான்கு பருவங்கள் உடனிருந்தார். எறியும் உடலசைவைப் பருவ இடைவேளைகளில் அங்குலம் அங்குலமாகத் திருத்தினார்கள். 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற உயர்தரப் பெறுநரை வாங்கித் தந்தார்கள். 2024 பருவத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆலன்.

ரோசனின் கதையைச் சொல்ல எனக்குக் கை கூசுகிறது, ஏனெனில் ஐவருள் எனக்கு மிக நெருக்கமானவர் அவரே. அழகான எறிதல், அவ்வாண்டில் தொழில்முறைக்கு மிகவும் ஆயத்தமானவர் என்று பலர் சொன்னார்கள். பொருளியல் படித்தவர். அவருடைய கல்லூரிப் பயிற்சியாளர் ஜிம் மோரா ஒரு பேட்டியில் அவரைப் பற்றிச் சொன்னது: அறிவுக்கு வேலை கொடுக்காவிட்டால் அவனுக்குச் சலித்துவிடும், எதையும் ‘ஏன்’ என்று அறிய விரும்புவான். பாராட்டாகத்தான் சொன்னாரோ என்னவோ, அறிக்கைகளில் அது எச்சரிக்கையாகவே ஏறியது. ஆய்வுத் துறையில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளக் காரணமாகும் வாக்கியம் வேறொரு துறையில் கறையாகிவிடுகிறது. அரிசோனாவுக்குப் போனார். பருவத்தின் நடுவிலேயே தாக்குதல் பயிற்சியாளரை நீக்கினார்கள், பருவ முடிவில் தலைமைப் பயிற்சியாளரை. அணி 3 வென்று 13 தோற்றுக் கடைசி இடம். கடைசி இடத்துக்குப் பரிசு அடுத்த ஆண்டின் முதல் தேர்வு. புதிய பயிற்சியாளர் அதைக்கொண்டு கைலர் மர்ரி என்ற வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார். மறுநாளே ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டத் தொடக்கங்கள் அவர் வாழ்வில் மொத்தம் 16. இருபத்தைந்து வயதுக்குள் அவரைப் பற்றிய வாக்கியம் இறந்தகாலத்துக்குப் போய்விட்டது.

டார்னல்டும் அப்படித்தான் எழுதி முடிக்கப்பட்டிருந்தார். நியூயார்க் ஜெட்ஸ் கைவிட்டது, கரோலினா கைவிட்டது, சான் பிரான்சிஸ்கோவில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்தார். 2024இல் மினசோட்டா டார்னல்டைப் பாலமாக இருக்க அழைத்துவிட்டு, பிறகு ஒரு புதிய இளைஞனைத் தேர்ந்தெடுத்தது. இளைஞனுக்கு முழங்காலில் காயம். டார்னல்ட் 35 டச்டவுன்கள் எறிய, அணி 14 ஆட்டங்கள் வென்றது. அதே கை, அதே கண். ஆறு ஆண்டுகளாக எங்கிருந்தன அவை?

இதை எழுதத் தூண்டியது ஆட்டமட்டுமன்று. என் உதவித்தொகைக் காலம் அடுத்த ஆண்டோடு முடிகிறது. வேலைக்கான விண்ணப்பங்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் திரட்டத் தொடங்கியிருக்கிறேன். அக்கடிதங்களின் நடையும் மதிப்பீட்டாளர் அறிக்கையின் நடையும் உடன்பிறந்தவை. கடின உழைப்பாளி என்றால் அசல் சிந்தனை குறைவு என்று படிக்க வேண்டுமாம். தனித்துச் சிந்திப்பவர் என்றால் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார். இந்த அகராதியை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் துறையின் மூத்தவர் ஒருவர். அண்ணன் என்றே எல்லாரும் அழைப்போம். ஒலியியலில் முனைவர் பட்டம் பெற்று ஒன்பது ஆண்டுகள். அத்தனை ஆண்டும் தொகுப்பூதியத்தில், ஒரு பருவத்துக்கு ஒரு கல்லூரி என்று பாடம் நடத்துகிறார். எங்களுள் ஐந்தாறு பேரின் ஆய்வேடுகளில் உள்ள அலைநிரல் வரைபடங்களை வாசிக்கக் கற்றுத்தந்தவர் அவர். நன்றியுரைகளில் அவர் பெயர் மூன்றாவது பத்தியில் வரும். ஒரு முழுப் பாடத்திட்டத்தை அவர் கையில் கொடுத்து மூன்றாண்டு விட்டுப் பார்த்தவர் எவருமில்லை. அவர் நேர்காணலுக்குப் போகும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: இத்தனை ஆண்டு ஏன் நிரந்தரமாகவில்லை?

சேஸ் டேனியலின் கதையை ஓர் இரவு அவரிடம் முழுமையாகச் சொன்னேன். 14 பருவங்கள், ஐந்து ஆட்டங்கள், 4 கோடி டாலர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அவனுக்குக் காசாவது குடுத்தாங்களே, தம்பி.”

சிரித்தோம். பிறகு அவரே கேட்டார், அந்த நன்றிகூறும் நாள் ஆட்டத்துக்கு அவன் எப்படித் தயாரானான், நாலு வருஷம் ஆடாம இருந்தவன் என்று. நான் அறிந்தவரை சொன்னேன். மாற்று ஆட்டக்காரர் ஒவ்வொரு வாரமும் தாமே ஆடப்போவது போலத்தான் எதிரணியைப் படிப்பார். ஒவ்வொரு கட்டளையையும் தமக்குள் சொல்லிப் பார்ப்பார். பயிற்சியின்போது எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் போல நடித்துத் தம் அணியின் தடுப்பாளர்களுக்குப் பழக்கம் தருவார். அதாவது, வாரந்தோறும் வேறொருவரின் கிளைமொழியைப் பேசுவார். அண்ணன் நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை.

பிங்கர் பக்கமா கிளாட்வெல் பக்கமா என்று என்னைக் கேட்டால், எண்களில் பிங்கர் பக்கம். ஆனால் இருவரும் ‘அவன் ஆடுவான்’ என்ற வாக்கியத்தின் எழுவாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது என் குறை. ஆலனின் 52.8க்கும் 69.2க்கும் இடையே மாறியவற்றுள் ஆலன் ஒரு பகுதிதான். எங்கே, யாரோடு, எத்தனை நாள், எத்தனை தோல்விவரை என்ற அடைகள் எல்லாம் அந்த வாக்கியத்தில் மறைந்து நிற்கின்றன. மோசமான அணிக்கு முதல் தேர்வு என்ற விதி அந்த அடைகளை எப்படிக் குலைக்கும் என்பதை ரோசனிடம் கண்டோம். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் இப்போது இந்த மறை அடைகளைப் பற்றியதாக மாறியிருக்கிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் குவார்ட்டர்பேக் வருகிறான். நெறியாளர் அவனைக் கபடி வீரனாக்கச் சொல்லியிருக்கிறார்.

டேனியல் 2023இல் ஓய்வு பெற்றார். இப்போது ஆட்டப் பதிவுகளை நிறுத்தி நிறுத்தி விளக்கும் காணொளிகள் செய்கிறார். இளம் குவார்ட்டர்பேக் ஒருவன் பந்தை எறிவதற்குச் சற்று முன் படத்தை உறையவைத்து, தடுப்பாளர்கள் நிற்கும் கோணங்களைச் சுட்டி, அந்த அரை விநாடியில் அவன் கண்ணுக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறார். 2008இல் மிசௌரியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மதிப்பீட்டாளரின் நாற்காலி ஏறத்தாழ அதுதான். அவற்றுள் ஒன்றின் இணைப்பை அண்ணனுக்கு அனுப்பினேன். இன்னும் பார்க்கவில்லையாம், இருநூறு விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது என்றார்.